இரு பக்கமும் ஒரே கரை

கூட்டுறவுச் சங்கம் ஒன்று திடீரென்று நவீனமாகிவிட்டது என்று கேள்விப்பட்டால், ஊர்க்காரர்கள் கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருப்பக்கம் போகாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. முரளீதரனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பார். அவருக்கு ஒரு கூறைப்புடவை வேண்டியிருந்தது.

சின்னக் காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டு, எவருக்கும் எதற்கும் குறுக்கே நிற்காமல் ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட மனிதர் அவர். ஒரே பெண் ப்ரியங்கா. புனேயில் வேலை பார்க்கும் ராம்ப்ரஸாதுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. தை மாதம் முகூர்த்தம். கூறைப்புடவை பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளையின் அம்மா லோகாம்பாள், "காஞ்சிபுரத்துல சம்பந்தியை வெச்சுண்டு நான் இங்க நங்கநல்லூர்ல கடை கடையா ஏறி இறங்கணுமா? நீங்களே சொல்லிடுங்கோ மாமா. அரக்குல, கெட்டிக் கரை. டிசைனை மட்டும் எனக்கு மெயில்ல அனுப்பச் சொல்லுங்கோ" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள். லோகாம்பாள் அமெரிக்காவில் இருக்கும் பெண்ணோடு பேசுவதற்காக மெயில் கற்றுக்கொண்டவள். கற்றதை இப்போது கண்ணில் படுகிறவர்கள் எல்லார்மீதும் பிரயோகித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஆனி மாதத்தில், பாலாற்றங்கரைப் பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கத்தில் முரளீதரன் ஆர்டர் கொடுத்தார். இந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தறியில் ஒரு சாண் ஓடிவிடும். அதனால் ஊரில் 'சங்கம்' என்றே சொல்வார்கள். லோகாம்பாளின் மெயில் விலாசத்தையும் கொடுத்தார். ஆவணிக்குள் புடவை தயார் என்றார்கள். ஆவணி வந்து, சங்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. புரட்டாசியும் ஐப்பசியும் அப்படியே. கார்த்திகையில், புடவை என்ன ஆயிற்று என்று கேட்கப் போன முரளீதரன், சங்கத்து வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைக் கண்டு தயங்கி நின்றார். குமாஸ்தா வீரபாகு ஓடி வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"வீரபாகு, என் புடவை…"

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம் சார். ஃபங்ஷன் நடந்துக்கினு இருக்குது. சேரெல்லாம் காலியா கெடக்குதுன்னு ஆபீசர் திட்டிக்கினு இருக்காரு. வந்து குந்துங்க."

முரளீதரன் உட்கார்ந்தார். எதிரே சுவர் முழுக்க ஒரு படம் தொங்கியது. பார்த்த மாத்திரத்தில் அது ஒரு புடவையின் டிசைன் என்று அவர் நினைத்தார். நடுவில் கட்டங்கள், இரண்டு ஓரமும் கெட்டிக் கரை, அம்பு முனைகளில் மாங்காய், அடியில் முந்தானை மாதிரி வரிசையாக அன்னங்கள். "கணினி ஒர்க்ஃப்ளோ" என்று தலைப்பு.

விஷயம் இதுதான். சங்கத்திடம் ஒரு டேட்டாபேஸ் இருந்தது. யார், எந்தத் தேதியில், என்ன விசேஷத்துக்கு, என்ன புடவைக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. இன்னொரு பக்கம், ஒரே சமயத்தில் ஆயிரம் பேருக்கு மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே அறையில், ஒன்றோடொன்று பேசாமல், பங்காளிகள் மாதிரி இருந்தன. அவற்றைச் சேர்த்து வைக்க ஹைதராபாத் கம்பெனி ஒன்றிலிருந்து ஸ்ரீகர் என்ற பையன் வந்தான். கூறைப்புடவை வாங்கியவருக்கு ஏழாம் மாதம் சீமந்தப் பட்டைப் பற்றி ஒரு மெயில் போகும். அப்புறம் தொட்டில். அப்புறம் பிள்ளைக்குக் காதுகுத்து. வாடிக்கையாளர் உயிரோடு இருக்கிற வரைக்கும், அறுபதாம் கல்யாணம் உட்பட, சங்கம் அவரைத் தானாகவே துரத்திக்கொண்டிருக்கும்.

ஸ்ரீகர் ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தான். 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று ஒரு கட்டம். 'ஆம்' என்றால் இடப்பக்கம் போய் மெயில் அனுப்பு. 'இல்லை' என்றால் சும்மா இரு. ஆனால் சங்கத்து விதிப்படி எந்தப் படமானாலும் டிசைன் பிரிவு பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். டிசைன் பிரிவுத் தலைவர் ஆதிகேசவன் வாழ்நாள் முழுக்கப் புடவை வரைந்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது? ஒரு பக்கம் கரை இருக்குது, இன்னொரு பக்கம் மொட்டையா இருக்குது. கடையில வாங்க மாட்டாங்களே."

இடப்பக்கம் இருந்ததை அச்சுப் பிசகாமல் வலப்பக்கமும் வரைந்து, அங்கும் ஒரு மெயிலை வைத்து, மாங்காயும் அன்னமும் சேர்த்து மேலே அனுப்பினார்.

"சார், 'இல்லை'ன்னா மெயில் போகக்கூடாது சார்" என்றான் ஸ்ரீகர், சங்கத்தின் நிர்வாக அலுவலர் கோதண்டபாணியிடம்.

கோதண்டபாணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நீ ஹைதராபாத். உனக்குப் புரியாது. ஒரு பக்கம் கரை வெச்சு மறுபக்கம் வெக்காத புடவைய இந்த நாற்காலியில உக்காந்துகிட்டு நான் பாஸ் பண்ணா, காஞ்சிபுரம் என்னை என்ன சொல்லும்?"

இயக்குநர் குழு கூடிப் படத்தைப் பார்த்தது. கலரை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போடச் சொல்லிப் பாஸ் பண்ணியது.

இப்போது விழா மேடையில் கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, இதுவரைக்கும் நம்ம சங்கத்துல ஒரு தப்பு நடக்கணும்னா, குறைஞ்சது நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மாசக்கணக்கா இழுக்கும். அந்தச் சிரமம் இனிமே இல்லை. எல்லாம் ஒருத்தர் கையும் படாம, தானா, அந்த நிமிஷமே நடக்கும். யாரையும் யாரும் கேள்வி கேக்க முடியாது. பொறுப்புங்கற சுமையிலேர்ந்து நம்ம ஊழியர்களை விடுதலை பண்ணின முதல் பட்டுச் சங்கம் நம்ம சங்கம்தான்னு சொல்லிக்கறதுல எனக்குப் பெருமை."

ஊழியர்கள் பலமாகக் கை தட்டினார்கள். முரளீதரனும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது தட்டாமல் இருக்கிற துணிச்சல் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. புடவையைப் பற்றிக் கேட்டார். "தறியில இருக்குது சார்" என்றான் வீரபாகு. எந்தத் தறியில் என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகப் போனவன், அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறவரைக்கும் திரும்பி வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, திருப்பாவை கேட்டுவிட்டு முரளீதரன் வீட்டுக்குள் நுழைகிறார், டெலிபோன் அடிக்கிறது. நங்கநல்லூர்.

"மாமா, குழந்தை எப்படி இருக்கா?" என்றாள் லோகாம்பாள்.

"ப்ரியங்காதானே மாமி? நன்னா இருக்கா. இப்பத்தான் காபி குடிச்சா."

"வாந்தி கீந்தி ஒண்ணும் இல்லையே?"

"வாந்தி எதுக்கு மாமி?"

"இல்லை, ஏழாம் மாசத்துல நின்னுடும்பா. எனக்கெல்லாம் நிக்கலை. அதான் கேட்டேன்."

முரளீதரன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். லோகாம்பாள் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். "ஆனி மாதம் திருமணம் நடந்தேறிய திருமதி ப்ரியங்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். சங்கத்தின் மனமார்ந்த வாழ்த்துகள். சீமந்தப் பட்டுக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கீழே ஒரு தொட்டில் படம் வேற போட்டிருக்கா. எல்லாம் விவரமா எழுதியிருக்கா மாமா. ஆனியில யாரோட கல்யாணம் ஆச்சுங்கறதைத்தான் விட்டுட்டா. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

முரளீதரன், இது ஏதோ மெஷின் கோளாறு, சங்கத்தில் யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று சொன்னார்.

"இருக்கலாம். நான் இல்லைங்கலை. அந்த யாரோ யார்னு பாத்து, ஒரே ஒரு மனுஷன் எனக்கு போன் பண்ணி, 'தப்பு எங்க பேர்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போறும். தை பொறக்கறதுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா இந்த சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

ராம்ப்ரஸாத் எங்கே போனான் என்று கேட்கலாம். அவன் நல்ல பிள்ளை. அம்மாவுக்கு எதிராக ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்காத பிள்ளை.

அன்றைக்கே முரளீதரன் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சங்கத்துக்குப் போனார். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். சட்டையைக் கழற்றச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. உள்ளே ஏ.சி.யில் வீரபாகு மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மெயில சங்கம் அனுப்பல சார். சிஸ்டம் அனுப்பிச்சிது" என்றான்.

"சிஸ்டம் சங்கத்தோடதுதானே?"

"சிஸ்டம் சங்கத்துதுதான். ஆனா அனுப்பினது சங்கம் இல்ல. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிக்கினு இருக்காதீங்க."

கோதண்டபாணி விளக்கினார். டேட்டாபேஸில் முகூர்த்தத் தேதிக்கென்று இடமே கிடையாது. ஆர்டர் தேதிதான் உண்டு. எனவே ஆர்டர் கொடுத்த தேதியே முகூர்த்தத் தேதி. "கூறைப்புடவைக்கு ஆர்டர் கொடுத்துட்டு ஒருத்தர் ஏழு மாசம் கல்யாணம் பண்ணாம இருப்பார்னு சங்கம் எதிர்பார்க்க முடியுமா சார்? தாமதம் உங்க தரப்புல."

"புடவையே இன்னும் வரலையே சார்."

"அது உற்பத்திப் பிரிவு. இது விற்பனைப் பிரிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

முரளீதரன் கையைக் கூப்பினார். போன்கூடத் தம் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார். யாராவது ஒருவர் நங்கநல்லூருக்குப் பேசினால் போதும். கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்தார். "பேசலாம். ஆனா பேசறவர் தப்புப் பண்ணினவரா இருக்கணும் இல்லையா? தப்புப் பண்ணினது யாரு? யார் கையும் படலையே. பண்ணாத தப்புக்கு என் ஊழியரை மன்னிப்புக் கேக்கச் சொன்னா யூனியன்காரன் வந்து நிப்பான். வேணும்னா பதிவைத் திருத்தித் தர்றேன்."

வீரபாகு திருத்தினான். 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டான். போட்ட கையோடு, ஆதிகேசவன் அழகுக்காக வரைந்த வலப்பக்கத்துக் கரை வழியாக, இன்னொரு மெயில் கிளம்பிற்று. அதே வாழ்த்து. அதே ஏழாம் மாதம். அதே தொட்டில். கல்யாணம் ஆகாதவர் என்று தெரிந்துகொண்ட சிஸ்டம், 'திருமதி'யை மட்டும் மரியாதையாக 'செல்வி' என்று மாற்றியிருந்தது.

சாயங்காலம் லோகாம்பாள் அதைப் போனில் வாசித்துக் காட்டினாள். முரளீதரன் வரிவரியாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ப்ரியங்கா, "காலம்பற எனக்குக் கல்யாணமாவது ஆகியிருந்தது. சாயங்காலம் அதுவும் போச்சு. நீ இன்னொரு தடவை அங்க போகாதேப்பா" என்றாள்.

ஆனால் அவர் போனார். வேறே வழி? பெண்ணின் பெயரையே எடுத்துவிடும்படி கேட்டார். அதற்கும் சிஸ்டத்தில் வழி இருந்தது. ஆனால் காரணம் சொல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. காரணங்கள் இரண்டுதான்: இறப்பு, விவாகரத்து. வீரபாகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"விவாகரத்துனு போடறேன் சார். உயிராச்சும் மிஞ்சும்."

முரளீதரன் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தட்டிவிட்டான். மணவாழ்வு முறிந்ததற்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபமும், மறுமணப் பட்டுக்குத் தள்ளுபடியும் நங்கநல்லூருக்குப் போய்ச் சேர்ந்தன; பெயர் டேட்டாபேஸை விட்டுப் போகாமல் மறுமணப் பட்டியலுக்கு மாறிக்கொண்டது.

"மாமா," என்றாள் லோகாம்பாள், "மறுமணம்னா அது எங்க பிள்ளையோடயா, இல்லை எங்களுக்கும் அப்புறமாங்கறது தெரிஞ்சா தேவலை. தை நெருங்கிண்டே இருக்கு."

அதன் பிறகு அவர் சங்கத்தை விட்டு நகரவே இல்லை. காலையில் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஸ்ரீகர் மனமிரங்கி, "நான் மாட்லாடறேன் சார், நம்பர் குடுங்க" என்றான். நம்பரைத் தருவதற்குள் கோதண்டபாணி வந்துவிட்டார். வெளி ஆள் சங்கத்தின் தப்பை ஏற்றுக்கொள்வது, சங்கத்தின் சொத்தை வெளி ஆள் எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்று அவனை அடக்கினார்.

பெஞ்சில் தினமும் ஒரு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வருகிறவர்களுக்கு நன்றாக இல்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மார்கழி கடைசியில் கோதண்டபாணி ஒரு முடிவுக்கு வந்தார். "மனுஷன் மன்னிப்புக் கேக்கறதுதான் சட்டச் சிக்கல். சிஸ்டம் கேக்கலாம். மன்னிப்புக்குன்னு ஒரு ஒர்க்ஃப்ளோ போட்டுடறேன்."

இயக்குநர் குழு அவசரமாகக் கூடியது. 'முரளீதரன் அவர்களின் மகள் திருமண விஷயத்தில் நாங்கள் செய்த தவறுக்கு வருந்துகிறோம்' என்று ஸ்ரீகர் எழுதி வைத்திருந்தான். முதலில் 'நாங்கள்' போயிற்று. யார் என்று கேள்வி வரும். 'செய்த' என்பது 'நேர்ந்த' ஆயிற்று. மழை நேர்வதில்லையா, அந்த மாதிரி. ஒரு வாடிக்கையாளரின் பெயரைப் போடுவது மற்றவர்களுக்குப் பாரபட்சம் என்று பெயரை எடுத்தார்கள். அதே பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக, ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல் டேட்டாபேஸில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பத் தீர்மானமாயிற்று. ஆதிகேசவன் இரு பக்கமும் ஒரே மாதிரி கரை வரைந்து கொடுத்தார். இந்தத் தடவை ஸ்ரீகர் ஹைதராபாதுக்கு டிக்கெட் எடுத்துவிட்டிருந்தான்.

மறுநாள் காலை, சங்கத்தில் புடவை எடுத்துத் தாலி கட்டிக்கொண்ட, மெயில் விலாசம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு செய்தி போயிற்று:

'அன்புடையீர், தங்கள் திருமணத்தில் நேர்ந்த தவறுக்குச் சங்கம் மனமார வருந்துகிறது.'

மத்தியானத்துக்குள் சங்கத்து வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூரத்திலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வந்து, வீரபாகுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். தென்னேரியிலிருந்து ஓர் அம்மாள் முகூர்த்தப் புடவையையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "தப்புன்னு நீங்களே ஒத்துக்கினீங்க. புடவைய நீங்க எடுத்துக்குங்க. அந்தாள இன்னா பண்றதுன்னு சொல்லுங்க" என்று மேஜையில் வைத்தாள். வாலாஜாபாத்துக் கணவனும் மனைவியும் தனித்தனி பஸ்ஸில் வந்து, தங்கள் வீட்டு விஷயத்தைச் சங்கத்துக்குப் போட்டுக் கொடுத்தது மற்றவர்தான் என்று வராந்தாவில் சண்டை போட்டார்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து இத்தகைய எழுச்சியைச் சங்க வரலாறு கண்டதில்லை என்று கோதண்டபாணி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இதையெல்லாம் பார்த்த முரளீதரன் வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்தார். நங்கநல்லூருக்கும் அந்த மெயில் போயிருக்கும். ப்ரியங்காவின் கல்யாணத்துக்கு அதோடு கதவு சாத்தியாயிற்று. வீட்டுக்கு வந்து டெலிபோன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது அடித்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரியங்கா எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மாமா, மெயில் பாத்தேன்" என்றாள் லோகாம்பாள். "'தங்கள் திருமணத்தில்'னு எழுதியிருக்கா. என் திருமணத்துல."

"மாமி, அது வந்து…"

"பேசாதீங்கோ. முப்பத்திரண்டு வருஷமாறது. எங்கப்பா ஒத்துக்கலை. எங்க மாமியார் ஒத்துக்கவே இல்லை. இவரைக் கேக்கவே வேண்டாம். முன்னப் பின்னத் தெரியாத ஒரு சங்கம், தானா முன்வந்து, தப்பு நடந்துடுத்துன்னு எழுத்துல குடுத்திருக்கு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இவ்வளவு யோக்கியமான சங்கம் உங்க பொண்ணு விஷயத்துல ஏதோ தெரியாமத்தான் எழுதியிருக்கும். நான் பெரிசு பண்ணலை. முகூர்த்தத்தை நடத்திடலாம்."

"யாராவது மனுஷா போன் பண்ணிச் சொல்லணும்னேளே மாமி."

"வேண்டாம். மனுஷா இவ்வளவு நன்னா சொல்ல மாட்டா."

தை மாதம் கல்யாணம் நடந்தது. புடவை கடைசிவரைக்கும் எந்தத் தறியில் என்று தெரியவில்லை. காந்தி ரோட்டில் ரஷீத் பாய் கடையில், கேட்ட அரக்கில், கேட்ட கரையில், கேட்ட அன்றைக்கே கிடைத்தது. "மொதல்லயே இங்க வந்திருக்கலாமே மாஷ்டர்" என்றார் ரஷீத் பாய். முரளீதரன் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

கோதண்டபாணி கல்யாணத்துக்கு வந்திருந்தார். சங்கத்தால் நடந்த கல்யாணம் என்பதால், பத்திரிகை வைக்காததை அவர் பொருட்படுத்தவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, பக்கத்து இலைக்காரரிடம் சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ காட்டிக் கொடுத்து, லோகாம்பாள் அவர் இலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்த மெயில் அனுப்பினது நீங்களா?"

மார்கழி மாதம் முழுக்க அந்த ஆளைத் தேடி அலைந்த முரளீதரன், பாயசத் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டார்.

கோதண்டபாணி லோகாம்பாளின் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். "நான்தான் மாமி. என் கைப்பட. ஒவ்வொரு வார்த்தையும் நான் உக்காந்து பாத்தது."

"நன்னா இருக்கணும் நீங்க." அவள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். எதிர்வரிசையில் இரண்டாம் தடவையாக ரசம் கேட்டுக்கொண்டிருந்த தன் கணவரைக் கண்ணால் காட்டினாள். "எங்காத்து விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கோதண்டபாணி அந்தப் பக்கம் திரும்பினார். அந்த மனிதரும் ரசத்திலிருந்து நிமிர்ந்து இவரைப் பார்த்தார். ஆகிருதியான மனிதர்.

"அது சிஸ்டம், மாமி" என்றார் கோதண்டபாணி. பாயசம் தன் வரிசைக்கு வரும் முன்பே இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.